திண்டுக்கல் பாறையும் நீர்வர்ண நடுவரும்

நீர்வர்ண ஓவியக் கண்காட்சியில் நடுவர் எதைப் பார்க்கிறார்? பதில் எப்போதும் தயாராக இருக்கிறது. வர்ணத்தின் ஊடே ஒளி தெரிய வேண்டும். காகிதத்தின் வெண்மை காப்பாற்றப்பட்டிருக்க வேண்டும். தூரிகை தயங்கியிருக்கக் கூடாது. வர்ணம் சேறாகக் கூடாது. ஓரங்கள் ஒன்றிலொன்று கரைய வேண்டும். திண்டுக்கல் பக்கத்து மாணவர் கண்காட்சிகளில் படம் தேர்ந்தெடுக்க உட்காரும்போது என் கையிலும் இந்தப் பட்டியல்தான் இருக்கிறது. ஆனால் இவை நித்தியமான விதிகள் அல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒரு காலமும் ஒரு ஊரும் உண்டு. சிலவற்றுக்கு ஒரு வியாபாரமும் உண்டு.

திண்டுக்கல் பாறையை நீர்வர்ணத்துக்கு அறிமுகம் செய்தது யுத்தம். நாயக்கர் காலக் கோட்டை ஹைதர் அலியின் வசமாகி, 1790இல் கும்பெனிப் படையிடம் வீழ்ந்தது. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை அதைக் கும்பெனிக்கே உரிமையாக்கியது. அதே ஆண்டு தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் சென்னையிலிருந்து தெற்கே புறப்பட்டு, திண்டுக்கல் வழியாக மதுரைக்குப் போனார்கள். மைசூர் யுத்தத்தைச் செய்தியாகப் படித்திருந்த இங்கிலாந்துக்காரனுக்கு அந்தக் கோட்டைகளைக் கண்ணால் பார்க்கும் ஆசை இருந்தது. டேனியல்களின் முறை எளியது. 'காமிரா அப்ஸ்க்யூரா' என்னும் இருட்டுப் பெட்டியின் துணையோடு பென்சில் கோடு. அதன்மேல் மெல்லிய நீர்ச்சாயம். பின்னர் லண்டனில் 1795 முதல் 1808 வரை 'ஓரியண்டல் சீனரி' என்ற பெயரில் 144 அச்சுப் படங்களை வெளியிட்டார்கள். இங்கே நீர்வர்ணம் ஒரு சாட்சி. சாட்சியிடம் கேட்கப்படுவது அழகல்ல, துல்லியம். படத்தின் முதல் நடுவர், மதிலின் உயரம் சரியா என்று பார்க்கிற ராணுவ எஞ்சினியர்.

இரண்டாவது அளவுகோல் கண்காட்சிச் சுவரில் பிறந்தது. ராயல் அகாடமியில் தைல ஓவியங்களுக்கு நடுவே நீர்வர்ணப் படங்கள் சோகையாகத் தெரிந்தன. இந்த அவமதிப்பு பொறுக்காமல் 1804இல் லண்டன் நீர்வர்ணக்காரர்கள் தனிச் சங்கம் அமைத்து, அடுத்த ஆண்டே தனிக் கண்காட்சி வைத்தார்கள். தைலத்துக்கு ஈடாக நிற்க வேண்டுமென்ற ஆசையில் படங்களின் வர்ணம் கனத்தது, பூர்த்தி கூடியது. 1834இல் வின்சர் அண்டு நியூட்டன் கம்பெனி 'சைனீஸ் ஒயிட்' என்ற வெள்ளையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வெள்ளை பூசுவது தகுமா, காகிதமே வெள்ளையாக நிற்க வேண்டுமா என்ற விவாதம் ஒழுக்கப் பிரச்னைபோல் நடந்தது. காகிதத்தின் வெண்மை ஒரு கற்பாக மாறியது இப்படித்தான். இன்று இங்கே ஒரு மாணவன் படத்தில் வெள்ளை வர்ணம் கண்டால் முகம் சுளிக்கும் நடுவருக்கு, தான் ஒரு பழைய லண்டன் சண்டையில் கட்சி எடுப்பது தெரியாது.

மூன்றாவது கல்கத்தாவிலிருந்து வந்தது. 1903இல் அங்கே வந்த ஜப்பானிய ஓவியர் யோகோயாமா டைக்கானின் முறையைப் பார்த்த அவனீந்திரநாத் டாகூர், வர்ணம் தீட்டிய காகிதத்தை நீரில் நனைத்து, மறுபடி தீட்டி, மூட்டமான ஒரு உலகத்தை உண்டாக்கினார். அவருடைய மாணவர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி பின்னர் சென்னை ஓவியப் பள்ளிக்குத் தலைவரானார். ஆனால் 1936இல் அவரிடம் மாணவராகச் சேர்ந்த கே. சி. எஸ். பணிக்கர் அந்த மூட்டத்தை எடுத்துக்கொள்ளவில்லை. அவருடைய ஆரம்ப கால நீர்வர்ண நிலக்காட்சிகளில் வெயில் இருக்கிறது, பச்சை இருக்கிறது. ஆசிரியரின் தட்பவெப்பம் மாணவனுடையதாக வேண்டியதில்லை என்பதற்கு நமக்குக் கிடைத்த நல்ல சாட்சியம் அது.

தட்பவெப்பம் என்ற சொல்லை உவமையாகச் சொல்லவில்லை. நீர்வர்ணம் உலரும் வேகத்தைக் காற்றின் ஈரம் தீர்மானிக்கிறது. ஓரங்கள் கரைவது ஈரமான தேசத்தின் சௌகரியம். சித்திரை வெயிலில் கோட்டை அடிவாரத்தில் உட்காரும் பையனுக்கு, ஒரு பூச்சின் மேல்பகுதி காய்ந்த பிறகே கீழ்ப்பகுதி கைக்கு வருகிறது. காயும் நீர் வர்ணத்தை விளிம்புக்குத் தள்ளுவதால் அங்கே அழுத்தமான கோடு விழுகிறது. நடுவர் அதைக் குறை என்று எழுதுகிறார். அவர் தலையைத் திருப்பி அந்தப் பாறையையே பார்க்கலாம். மரமற்ற மொட்டைக் கல். உச்சி வெயிலில் அதன் நிழல் கத்தியால் வெட்டியதுபோல் விழுகிறது. கரையாத விளிம்பு இங்கே கைத்தவறு அல்ல. இந்த ஊர் வெளிச்சத்தின் இலக்கணம். அதே கண்காட்சியில், வீட்டுக்குள் மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஏதோ ஒரு ஐரோப்பிய ஏரியின் பனிமூட்டத்தைச் சிறுமலைக்கு ஏற்றிய படம் பரிசு வாங்குகிறது. அப்போது தோற்பது ஒரு பையன் மட்டுமல்ல. வெளியே போய் உட்கார வேண்டியதில்லை என்ற பாடத்தை மற்ற மாணவர்கள் அனைவரும் கற்றுக்கொள்கிறார்கள்.

அதற்காக அளவுகோலே வேண்டாம் என்பது என் கட்சியல்ல. திறமைக்குறைவை மண்வாசனை என்று பாராட்டுவது இன்னொரு மோசடி. நான் பார்ப்பது இவை: விட்டுவைத்த வெள்ளை வெயிலாக நிற்கிறதா, தீட்ட மறந்த இடமாக நிற்கிறதா? நிழலுக்குள் செவல் மண்ணின் சிவப்பு எதிரொளிக்கிறதா, அல்லது டப்பாவிலிருந்த சாம்பல் அப்படியே வந்திருக்கிறதா? விளிம்பு விழுந்த இடத்தில் பாறை திரும்புகிறதா, வெறுமனே நீர் நின்றுபோயிருக்கிறதா? இவற்றுக்கு விடை காகிதத்தில் மட்டும் கிடைக்காது. நடுவரும் ஒரு நடுப்பகலில் அந்த அடிவாரத்தில் போய் நின்றிருக்க வேண்டும்.