மத்தாப்பில் தொடங்கிய ஃப்ளாஷ்

பொம்மசந்திரா பக்கம் கம்பெனி ஆண்டு விழா ஆல்பங்களைப் புரட்டியிருக்கிறீர்களா? முன்வரிசைத் தலைகள் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கும், மேடை கும்மிருட்டு. கேமரா வைத்திருப்பவர்தான் அன்றைக்குப் போட்டோகிராபர், வேறென்ன! இந்தக் காமர்ஸ் பட்டதாரிக்கும் வங்கியில் அதே உத்தியோகம் உண்டு. அதனால்தான் ஃப்ளாஷின் பூர்வீகத்தைத் தேடிப் படித்தேன்.

ஆரம்பம் கிட்டத்தட்ட நம்ம மத்தாப்புதான். 1887-ல் ஜெர்மனியில் அடால்ஃப் மீதே, யோஹான்னஸ் கேடிக்கே இருவரும் மக்னீசியம் தூளில் பொட்டாசியம் குளோரேட் கலந்து கொளுத்தினார்கள். அறை முழுக்கப் புகை, கை சுட்டுக்கொண்டவர்களும் உண்டு. 1920களின் கடைசியில் பல்பு வந்த பிறகுதான் நிம்மதி.

ஆனால் ஒரு பல்பு, ஒரே ஒரு படம். 1942-ல் டெல்லிக்குப் போன ஹோமாய் வியாரவாலா (இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர்) தலைவர்களின் கூட்டங்களையும் விருந்துகளையும் அந்த மாதிரி பல்புகளோடுதான் எடுத்தார். அவசரப்பட்டு அமுக்கினால் பல்பும் போச்சு, ஃபிலிமும் போச்சு. எனவே கிட்டே போய், தருணத்துக்குக் காத்திருக்க வேண்டும். வரவு செலவு பார்க்கும் எங்களுக்கு இது நன்றாகவே புரியும் :-)

1930களில் அமெரிக்காவின் ஹெரால்டு எட்ஜர்ட்டன் மின்னணு ஃப்ளாஷை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். பின்னாளில் அது சின்னதாகி கேமராவுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டது. செலவு இல்லை, யோசனையும் போய்விட்டது!

கணக்கு மட்டும் மாறவில்லை. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால் பங்கு. 2 மீட்டரில் இருப்பவருக்குக் கிடைப்பதில் 16-ல் ஒரு பங்குதான் 8 மீட்டரில் நிற்பவருக்கு. பத்தாவது வரிசையிலிருந்து ஃப்ளாஷ் போட்டால் முன்னால் இருப்பவர் பிடரிதான் பளிச்சிடும். அங்கிருந்து எடுப்பதானால் ஃப்ளாஷை அணைத்துவிட்டு ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள். தனி ஃப்ளாஷ் இருந்தால் தலையை மேலே திருப்பி, வெள்ளைக் கூரையில் பட்டுத் திரும்பும்படி அடியுங்கள். ஆபீஸ் மீட்டிங் அறையின் தாழ்ந்த ஃபால்ஸ் சீலிங்குக்கு இது பிரமாதம். ஃபேக்டரி ஷெட்டின் உயரமான தகரக் கூரையில் பலிக்காது.

ஆண்டு விழாவாவது அடுத்த வருஷமும் வரும். பணி ஓய்வு விழா? முப்பது வருஷம் ஃபைல் தூக்கிய கடைநிலை ஊழியருக்கு அன்று ஒரு மாலை, ஒரு சால்வை. அந்தப் படம்தான் தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ அவர் வீட்டுச் சுவரில் தொங்கப்போகிறது. மேனேஜர் பேசும்போது நாலு படம் குறைந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். மாலை விழும்போது மட்டும் மேடை ஓரம் வரை போய்விடுங்கள். முன்வரிசை கொஞ்சம் முறைக்கும், அவ்வளவுதான்.