சுல்தானா கோட்டை

நஜீபாபாத் என்று மாற்றல் ஆர்டரில் பார்த்தபோது தங்கமணி கேட்ட முதல் கேள்வி, "அது எங்கேங்க இருக்கு?" எனக்கும் தெரியாது. வரைபடத்தில் தேடினோம். உத்தரப் பிரதேசம், பிஜ்னோர் மாவட்டம். மொராதாபாத்திலிருந்து சகாரன்பூர் போகும் ரயில் பாதையில் ஒரு ஜங்ஷன். வடக்கே பார்த்தால் இமயமலையின் அடிவாரக் காடு, மற்ற மூன்று பக்கமும் கரும்பு. இட்லி அரிசிக்கு டெல்லிக்குத்தான் போகவேண்டும். (இதுவே தனியாக எழுதவேண்டிய சோகம்.)

சேர்ந்த இரண்டாவது வாரம் ஒரு கடன் மனு வந்தது. எருமை வாங்க, சின்னத் தொகைதான். காகிதமெல்லாம் சரியாக இருந்தது. தலைமைக் காசாளர் மட்டும் குனிந்து காதில் சொன்னார்: "சாப், அந்த பஸ்தி ஆளுங்க. சுல்தானா வகையறா. யோசிச்சுக் குடுங்க." நான் யோசிக்கவில்லை. புது ஊர், புது மனிதர்கள், எதற்கு வம்பு என்று ஃபைலை டிராயரில் போட்டேன். அதை ஒளிக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சுல்தானா யார் என்று பிறகுதான் விசாரித்தேன். ஊர் எல்லையில் ஒரு பெரிய கற்கோட்டை நிற்கிறது. 18-ம் நூற்றாண்டில் ரோஹில்லாத் தலைவர் நஜீப்-உத்-தௌலா கட்டியது, பத்தர்கட் என்று பெயர். ஆனால் ரிக்‌ஷாக்காரரிடம் அந்தப் பெயரைச் சொன்னால் விழிப்பார். "சுல்தானா டாகூ கா கிலா" என்றால் நேரே கொண்டுபோய் விடுவார். ஊருக்கே தன் பெயரைக் கொடுத்த நவாபின் கோட்டை ஒரு கொள்ளைக்காரன் பெயருக்கு மாறிவிட்டது. அவன் அதைப் பிடித்து ஆண்டான் என்றுதான் நானும் நினைத்தேன். அப்படியில்லை. அவனை அதற்குள் அடைத்து வைத்திருந்தார்கள்.

சுல்தானா, பாந்து என்ற சமூகத்தில் பிறந்தவன். ராணா பிரதாப்பின் வழிவந்தவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்பவர்கள். 1871-ல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தில் பிறவிக் குற்றவாளிகள் என்று பட்டியல் போட்ட கூட்டங்களில் பாந்துக்களும் உண்டு. பட்டியலில் பெயர் வந்துவிட்டால் பிறந்த குழந்தைக்கும் அதே முத்திரைதான். வெளியூர் போக அனுமதிச் சீட்டு வேண்டும், நாள்தோறும் ஆஜர் கொடுக்க வேண்டும். அடுத்த கட்டமாக, இப்படிப்பட்டவர்களை ஒரே இடத்தில் வைத்துத் திருத்தும் வேலையை 1908 முதல் ஐக்கிய மாகாண அரசு இரட்சணிய சேனையிடம் ஒப்படைத்தது. (நாகர்கோவில்காரர்களுக்கு கேத்தரின் பூத் ஆஸ்பத்திரி தெரியும் அல்லவா, அதே சேனைதான்.) நஜீபாபாத் கோட்டைக்குள் இருந்தது அப்படி ஒரு குடியேற்றம்.

1920-களின் தொடக்கத்தில் ஒரு ராத்திரி, மனைவியையும் கைக்குழந்தையையும் உள்ளே விட்டுவிட்டு, சுவர் ஏறிக் குதித்து ஓடினான் சுல்தானா. துடிப்புள்ள எந்த வாலிபனும் அதைத்தான் செய்திருப்பான் என்கிற தொனியில் எழுதியிருக்கிறார் ஜிம் கார்பெட். ஆமாம், புலி வேட்டைக் கார்பெட்டேதான். சுல்தானாவைப் பிடிக்கும் படையோடு காட்டில் அலைந்தவர். 1952-ல் வந்த 'மை இந்தியா' புத்தகத்தில் இவனுக்கு ஒரு முழு அத்தியாயம் கொடுத்திருக்கிறார்.

வெளியே வந்து ஒரே வருடத்தில் சுமார் நூறு பேர் சேர்ந்தார்கள், எல்லார் கையிலும் துப்பாக்கி. கிழக்கே கோண்டா முதல் மேற்கே சகாரன்பூர் வரை, தராய்க் காட்டை ஒட்டி நூற்றுக்கணக்கான மைல் நீளத்துக்கு இந்தக் கும்பலின் ராஜ்ஜியம் நடந்தது. ஜமீன்தார்களும் வட்டிக்கடைக்காரர்களும் தூக்கம் இழந்தார்கள். இன்ன தேதிக்கு வருகிறேன் என்று முன்கூட்டியே கடிதம் அனுப்பிவிட்டு வருவான் என்று ஊரில் இன்றும் சொல்கிறார்கள். அவனைப் புண்ணியவானாக்க நான் எழுதவில்லை. துப்பாக்கி முனையில் நடந்த கொள்ளைகள் அவை, உயிர்களும் போயின. இந்தக் கதைகளில் செத்தவர்களின் பெயர் யாருக்கும் நினைவில் இருப்பதில்லை.

ஆனால் கார்பெட் சொல்லும் ஒரு விவரம் வங்கிக்காரனான என்னை நிறுத்தியது. அவன் ஏழைகளிடம் ஒரு பைசா பறித்ததில்லை, சின்னக் கடைக்காரர்களிடம் வாங்கும் சாமானுக்கு, கேட்ட விலையைப் போல் இரண்டு பங்கு கொடுப்பான் என்கிறார். தர்மம் என்று இதைச் சொல்லலாம். எனக்கு முதலீடாகவும் தெரிகிறது. கடைக்காரன் வாய் திறக்காமல் இருக்க இதைவிட நல்ல ஏற்பாடு உண்டா? முன்னூறு போலீஸ்காரர்கள் கொண்ட தனிப்படை அமைத்தும் அவனைச் சுலபத்தில் பிடிக்க முடியவில்லை.

அந்தப் படையின் தலைவர் ஃப்ரெடி யங். ஆள் நல்ல பருமன். காட்டு நடுவே இவரும் சுல்தானாவும் ஆயுதமில்லாமல் ஒருமுறை சந்தித்திருக்கிறார்கள். சுல்தானா தர்பூசணி கொடுத்து உபசரித்தானாம். நிபந்தனையில்லாமல் சரணடை என்றார் யங், முடியாது என்றான் அவன். பழத்தைச் சாப்பிட்டுவிட்டு அவரவர் வழியில் போய்விட்டார்கள். 1923 கடைசியில் சுல்தானா பிடிபட்டான், 1924-ல் தூக்கு. சிறையில் பார்க்க வந்த யங்கிடம் அவன் தன் மனைவியையும் மகனையும் ஆசையாக வளர்த்த நாயையும் ஒப்படைத்தான், யங் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார் என்று எழுதுகிறார் கார்பெட்.

பிறகு நவுடங்கிக்காரர்கள் அவனை எடுத்துக்கொண்டார்கள். நம்ம ஊர்க் கூத்து மாதிரி, விடிய விடிய நகாரா அடித்து ஆடுவது. 'சுல்தானா டாகூ' அதில் பெரிய வெற்றி. 1972-ல் தாரா சிங் நடித்து சினிமாவும் வந்தது. மேடையில் அவன் ஏழைப் பங்காளனாக நின்றுவிட்டான்.

அவன் சமூகத்துக்கு அந்தப் பங்கு கிடைக்கவில்லை. 1926-ல் பாந்துக் குடும்பங்களை அந்தமானுக்குக் கப்பலேற்றினார்கள். அங்கே ஃபெரார்கஞ்ச் பக்கம் காடு திருத்தி ஊர் அமைத்தார்கள், அங்கும் மேற்பார்வை இரட்சணிய சேனைதான். அவர்கள் சந்ததி இன்றும் அந்தமானில் இருக்கிறது.

இது ஏதோ வடக்கத்திச் சங்கதி என்று நினைக்காதீர்கள். அந்தச் சட்டம் 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ரேகைச் சட்டம் என்றார்கள் நம்மவர்கள். ராத்திரி போலீஸ் ஸ்டேஷனில் போய்ப் படுக்கவேண்டிய கொடுமை மதுரைப் பக்கம் நடந்தது. 1920 ஏப்ரல் 3-ல் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்களைச் சுட்டார்கள். செத்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் உண்டு. டெல்லியிலிருந்து ஊருக்குப் போகிற நம் ரயில்கள் ஆந்திராவில் சீராலாவுக்கும் பாபட்லாவுக்கும் நடுவே ஸ்டூவர்ட்புரம் என்ற சின்ன ஸ்டேஷனை நிற்காமல் தாண்டும். எருகுலா மக்களுக்காக அதே சேனை நடத்திய குடியேற்றம் அது. பல வருடம் அந்த வழியில் தூங்கிக்கொண்டே போயிருக்கிறேன்.

1952 ஆகஸ்ட் 31-ல் அந்தப் பட்டியல் ரத்தானது. அதாவது அரசாங்கக் காகிதத்தில்.

ஒரு ஞாயிறு, தங்கமணியும் பையனும் நானும் கோட்டைக்குப் போனோம். உள்ளே வெறும் மைதானம், சுற்றிலும் ஆளை அமுக்குகிற சுவர். பையன் சுவரை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இதுல எப்படிப்பா ஏறினாரு?" என்றான். 'ஏறினாரு' என்றதைக் கவனித்தேன், திருத்தவில்லை.

மறுநாள் காலை டிராயரைத் திறந்து அந்த ஃபைலை எடுத்துக் கையெழுத்துப் போட்டு ஆளுக்குச் சொல்லி அனுப்பினேன். நான் வாங்கி வைத்து இரண்டு மாதம் பத்து நாள் ஆகியிருந்தது. அவர் வந்தார், நாற்காலியில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. வெளியே மாதம் ஐந்து வட்டிக்குப் பணம் வாங்கி எருமை வாங்கிவிட்டதாகச் சொன்னார். கோபமே இல்லாமல்தான் சொன்னார்.

அந்த வெளி வட்டிக் கடனை அடைக்க நம் கடன் விதியில் இடமிருக்கிறதா என்று அன்று சாயங்காலம் வரை சுற்றறிக்கைகளைப் புரட்டினேன். காசாளர் ஒன்றும் கேட்கவில்லை. டீ மட்டும் கொண்டுவரச் சொன்னார்.