இயல்பு என்னும் எல்லைக்கோடு

1968இல் உலக சுகாதார நிறுவனத்தின் அறிவியல் குழு, ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளின் ஒரு டெசிலிட்டர் குருதியில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் அது இரத்தசோகை என வரையறுத்தது. அதற்கு அடித்தளமானவை பெரும்பாலும் ஐரோப்பிய, வட அமெரிக்கத் தரவுகள். அரை நூற்றாண்டுக் காலம் இந்தியக் குழந்தைகளும் அக்கோட்டாலேயே அளக்கப்பட்டனர்.

2016–18இல் நிகழ்ந்த நாடு தழுவிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பிலிருந்து, இரும்புச்சத்துக் குறைபாடும் அழற்சியும் அற்ற 1–19 வயதினரை மட்டும் பிரித்தெடுத்து எல்லைகளைக் கணித்த ஆய்வு 2021இல் வெளிவந்தது. அவை பெரும்பாலும் 1 முதல் 2 கிராம் தாழ்ந்திருந்தன. அதே கணக்கெடுப்பில் இரத்தசோகை 30 விழுக்காட்டிலிருந்து 10.8 விழுக்காடாகச் சுருங்கியது.

எல்லை மிகுந்தால் நலமான குழந்தையும் நோயாளியாகும். குறைந்தால் குறையுள்ள குழந்தை கணக்கினின்று நழுவும். 2024இல் உலக சுகாதார நிறுவனமும் 6–23 மாதக் குழந்தைகளுக்கான எல்லையை 10.5 கிராமாகத் திருத்தியது. எவரை நலமானவர் எனக் கொள்வது என்னும் முதல் தேர்விலேயே இயல்பு தீர்மானமாகிவிடுகிறது.