வீட்டிலே முதிர்ந்த துணி



சரித்திர நூல்களிலே புத்தாடைகளுக்குக் குறைவில்லை. மன்னர் பட்டுடுத்து முடிசூடிய செய்தி உண்டு. புலவருக்குத் துகில் வழங்கிய செய்தி உண்டு. துறைமுகங்களில் துணிப்பொதிகள் ஏறி இறங்கிய கணக்கும் உண்டு. அத்துணிகள் பழையனவான பின்னர் அவற்றுக்கு யாது நேர்ந்தது என்பதைப் பெரும்பாலும் எவரும் எழுதி வைத்திலர். பத்துப்பாட்டில் ஒன்றாகிய பொருநராற்றுப்படையிலே, வறிய கலைஞன் ஒருவன் ஈரும் பேனும் குடிகொண்ட, வேற்று நூலால் ஒட்டுப்போட்ட கந்தையுடன் கரிகாலனை அடைகிறான். அரசன் அதனைக் களைவித்து மெல்லிய ஆடை அளிக்கிறான். புதிய ஆடையின் அழகைப் புலவர் சொல்கிறார். களைந்த கந்தை எங்கே போயிற்று என்று சொல்லவில்லை. அது அவருக்கு வேண்டாத செய்தி. வீட்டு வாழ்க்கையின் சரித்திரத்தை அறிய விரும்பும் நமக்கோ அதுவே வேண்டிய செய்தி.

திருகோணமலையிலிருந்து கந்தளாய் நோக்கிச் செல்லும் வழியிலே அமைந்தது தம்பலகாமம். ஒருபுறம் குடாக்கடல், மறுபுறம் கந்தளாய்க் குளத்து நீர் பாயும் வயல்வெளி, நடுவே ஆதிகோணநாயகர் கோயில். இது நெல் விளைந்த ஊர். நூல் விளைந்த ஊர் அன்று. உண்பதற்கு வேண்டியதை மண்ணிலிருந்து பெற்ற குடியானவர், உடுப்பதற்கு வேண்டியதை வெளியிலிருந்தே பெற்றனர். நெல்லை விற்றுத் துணி வாங்கிய வீடுகளில் துணிக்கு இருந்த மதிப்பை, இன்று ஒரே நாளில் மூன்று சட்டை வாங்கும் நம்மால் எளிதில் உணர முடியாது.

அக்காலத்து வீடொன்றிலே ஒரு நூற்சேலையின் வாழ்வைப் பாருங்கள். தைப்பொங்கலுக்கோ சித்திரை வருடப்பிறப்புக்கோ அது கோடியாக வீட்டுக்கு வரும். ஓரத்தில் மஞ்சள் தடவி உடுப்பார்கள். முதலிரண்டு ஆண்டுகள் அது கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் உரியது. மற்ற நாளெல்லாம் றங்குப்பெட்டியில் உறங்கும். சாயம் சற்று மங்கியதும் ஊருக்குள் உடுத்தும் சேலையாகும். பின்னர் வீட்டுச் சேலை. அதன் பின்னர் வயற்சேலை. நாற்று நடவும் களை பிடுங்கவும் அதுவே துணை. நடுப்பகுதி நைந்தால் நெடுக்காகக் கிழித்து, நைந்த பாகத்தை ஓரத்துக்கும் உறுதியான ஓரத்தை நடுவுக்கும் மாற்றித் தைப்பார்கள். அதுவும் இற்றபோது, நல்ல பகுதி குழந்தைக்கு ஏணையாகும். தாயின் சேலையிலே கட்டிய ஏணையில்தான் பிள்ளை அழாமல் உறங்கும் என்பது பாட்டிமார் கண்ட உண்மை. எஞ்சியவை பிட்டு அவிக்கும் பானையின் வாயைச் சுற்றும், அடுப்பிலிருந்து சட்டியை இறக்கும், காயத்துக்குக் கட்டாகும். வேட்டிக்கோ இன்னும் உயர்ந்த முடிவு ஒன்று உண்டு. பலமுறை தோய்த்து வெளுத்த வெள்ளை வேட்டியின் கிழிசல், விளக்குத் திரியாகத் திரிக்கப்பட்டுச் சுவாமி அறையிலே எரிந்து முடியும்.

கோடித்துணியைத் திரியாக்கிப் பார்த்தவர்கள் அறிவார்கள்; அது எண்ணெயைச் செவ்வனே உறிஞ்சாது. நெய்யும்போது நூலுக்கு இட்ட கஞ்சிப்பசை அதில் இருக்கும். தோய்க்கத் தோய்க்கப் பசை நீங்கி, நூல் தளர்ந்து, ஈரத்தை ஏற்கும் தன்மை பெறுகிறது. பிறந்த குழந்தையின் உடம்புக்குக் கோடியை விலக்கிப் பழந்துணியைத் தேடியதற்கும் காரணம் இதுவே. ஆகவே பழந்துணியின்மேல் நம் முன்னோர் வைத்த பற்று வறுமையின் விளைவு மட்டுமன்று. கந்தையையும் கசக்கிக் கட்டச் சொன்ன பழமொழியை ஏழைக்குக் கூறிய ஆறுதலாகவே பலரும் கொள்கின்றனர். எனக்கு அதில் உடன்பாடில்லை. துணியின் இயல்பை அறிந்தவர் சொல் அது.

வங்காளத்திலே பழஞ்சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தையலிட்டுப் போர்வை செய்வார்கள். அதற்குக் காந்தா என்று பெயர். அப்பெயரும் நமது கந்தை என்னும் சொல்லும் உறவுடையன. ஒரே சொல், ஓரிடத்திலே கைவினைக்குப் பெயராயிற்று; நம்மிடையே இகழ்ச்சிச் சொல்லாய் நின்றுவிட்டது.

துணி முதிர்வதற்கு வேறு கைகளும் உதவின. உவர்மண்ணில் தோய்த்து, வெள்ளாவியில் அவித்து, கல்லில் அடித்து வெளுத்துத் தந்தவர்கள், ஒவ்வொரு வீட்டுத் துணிக்கும் ஒரு குறியிட்டனர். சேங்கொட்டைச் சாற்றால் இடும் அக்குறி துணி கிழிந்தாலும் அழியாது. எந்த வீட்டுத் துணி எது என்பதை எழுத்தறியாதவரும் அக்குறியால் அறிந்தனர். பல குடும்பங்களின் உடைமைப் பதிவேட்டை நினைவிலே சுமந்த அம்மக்களுக்கு ஊர் அளித்த கூலி சிறிது. அளித்த மதிப்பு அதனினும் சிறிது. வெள்ளை வேட்டியின் பெருமையைப் பேசும்போது இதனை மறைத்துப் பேசுதல் நேர்மையாகாது.

இனி, துணி வந்த வழியைச் சற்று நோக்குவோம். அது பெரிதும் கடல் வழி. சோழமண்டலக் கரையின் நெசவுத் துணி பல நூற்றாண்டுகளாக இலங்கைத் துறைகளில் இறங்கியது. இன்றும் நம் நாட்டில் கட்டம் போட்ட ஒருவகைச் சாரத்துக்குப் பளையகாட் என்று பெயர். அது பழவேற்காடு என்னும் ஊர்ப்பெயரின் திரிபு. சென்னைக்கு வடக்கேயுள்ள அவ்வூரில் 1613இல் ஒல்லாந்தர் கெல்திரியாக் கோட்டையை நிறுவி, அங்கிருந்து துணி வாணிகம் நடத்தினர். கோட்டை அழிந்து கல்லாய்க் கிடக்கிறது. ஊர்ப்பெயர் குடியானவனின் இடுப்பிலே வாழ்கிறது. கிழக்கு மாகாணத்தில் மருதமுனை நெசவாளர் தறியில் விளைந்த சாரங்களும் புகழ் பெற்றவை. புதிதில் பலகைபோல் விறைத்து நிற்கும் சாரம், இரண்டாம் ஆண்டிலேதான் உடுத்துபவனின் உடம்புக்கு இணங்கும்.

நமது மாவட்டத்துக் கொட்டியாரக் குடாவுக்கும் ஒருமுறை துணி ஏற்றிய கப்பலொன்று வந்தது. மசூலிப்பட்டினத்திலே புயலில் பாய்மரத்தை இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல் அது. மரத்தைச் செப்பனிடும் காலத்தில் விற்பதற்கென்று துணியும் ஏற்றி அனுப்பினர். 1660இல் கண்டி அரசனின் ஆட்கள் கப்பல் தலைவரையும் அவர் மகன் றொபேட் நொக்ஸையும் வேறு சிலரையும் சிறைப்பிடித்துச் சென்றனர். மறு ஆண்டு தந்தை நோயுற்று இறந்தார். புதைக்கும் முறையைச் சாகுமுன் அவரே மகனுக்குச் சொல்லி வைத்தார். உடம்பில் இருந்த சட்டையைத் தலைக்கு மேலாக இழுத்துவிட்டு, காற்சட்டையைக் காலடிவரை இறக்கி, படுத்திருந்த பாயிலேயே சுருட்டிப் புதைக்கும்படி கூறினார். துணி வணிகத்துக்கு வந்த கப்பலின் தலைவருக்கு உடுத்த துணியே சவச்சீலையாயிற்று.

மகன் தொப்பி பின்னி விற்று வயிறு வளர்த்தான். ஒருநாள் முதியவர் ஒருவர் ஆங்கில வேதாகமம் ஒன்றை அவனிடம் கொணர்ந்தார். அதற்கு ஈடாக அவன் கொடுத்தது தன் கையால் பின்னிய ஒரு தொப்பி. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப்பின், 1679இல் தப்பியோடி, 1681இல் இலண்டனில் அவன் வெளியிட்ட நூல் இலங்கைச் சரித்திரத்துக்கு ஆதாரமாக விளங்குகிறது. அரசர் செய்தியை அறிய அந்நூலைப் படிப்போர் பலர்; தொப்பியின் செய்திக்காகவும் அதனைப் படிக்கலாம்.

இருபதாம் நூற்றாண்டிலே துணிப்பஞ்சம் வேறு வடிவம் கொண்டது. 1942 ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. கடல்வழி வாணிகம் இடருற்ற அப்போர்க்காலத்தில் துணி அரிய பொருளாயிற்று. இங்கிலாந்திலேயே 1941 முதல் 1949 வரை உடைக்குப் பங்கீடு இருந்தது. பழையதைச் செப்பனிட்டு உடுத்தும்படி அரசே குடிமக்களுக்குக் கையேடு அச்சிட்டு வழங்கியது. நம் பாட்டிமாருக்கு அக்கையேடு தேவைப்பட்டிராது.

நான் சிறுவனாயிருந்த 1970களிலும் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் துணி அருகியது. சங்கக்கடையில் வரிசையில் நின்று பெற்ற சீத்தைத் துணியிலே அக்காவுக்குச் சட்டையும் தலையணைக்கு உறையும் தைத்தார்கள். கோதுமை மா வந்த பைகளைக் கூட எறியவில்லை. எழுத்து மறையும்வரை தோய்த்து உள்ளுடுப்பாக்கினர். தந்தையின் சட்டைக் கழுத்துப்பட்டி நைந்தால், அதனைப் பிரித்து மறுபக்கம் வெளியே வரும்படி புரட்டித் தைத்து, மேலும் ஈராண்டு உடுப்பது எல்லா வீட்டிலும் வழக்கம். 1977க்குப் பின் கதவு திறந்தது. பளபளக்கும் செயற்கை இழைத் துணிகள் வந்து குவிந்தன. மகிழ்ந்தோம். மகிழ்ந்ததில் தவறில்லை. ஆனால் அத்துணி நீரை உறிஞ்சாது, ஏணைக்கு உதவாது, விளக்கிலிட்டால் எரியாமல் உருகும். கோயில் வாசலிலே திரி, பொட்டலத்தில் விலைக்கு வரலாயிற்று.

அதற்கிடையே பெருந்துன்பம் வந்தது. 1980களின் நடுப்பகுதியிலும் 1990இலும் திருகோணமலை மாவட்டத்து மக்கள் பல்லாயிரவர் வீடுகளை விட்டு ஓடினர். உறுதிப் பத்திரம், பிறப்புச் சான்று, சிறிது நகை, ஒரு வேளை அரிசி ஆகியவற்றை எதிலே கட்டினார்கள்? கைக்கு எட்டிய பழஞ்சேலையில். வழியில் அதுவே பிள்ளைக்குப் போர்வை. மரநிழலில் அதுவே தடுப்பு. முகாமில் கூரையிலிருந்து தொங்கிய ஏணை. அலுமாரியில் மடித்திருந்த பட்டுச் சேலைகளைத் திரும்பி வந்தபோது காணாதோர் பலர். அவர்கள் பட்டுக்காக வருந்தியதைக் காட்டிலும், இறந்த தாய் உடுத்திருந்த நூற்சேலைக்காக வருந்தியதை நான் அதிகம் கேட்டிருக்கிறேன்.

2004 டிசெம்பர் 26ஆம் நாள் கடல்கோளின்போது வேறொன்றைக் கண்டோம். கிண்ணியாவும் மூதூரும் உட்பட நமது கரையோரம் சிதைந்தது. நல்லுள்ளம் படைத்தோர் நாடெங்குமிருந்து உடுப்புக்களை அனுப்பினர். அவற்றுட் பல நல்லவை. எனினும் கரையோர ஊர்களிலே அவை பாதையோரங்களில் குவிந்து மழையில் நனைந்தன. வந்தவற்றை மக்கள் மதிக்கவில்லை என்று அப்போது சிலர் குறை கூறினர். அக்குறையை நான் ஏற்கவில்லை. ஒரு துணி ஆண்டுகளால் மட்டும் முதிர்வதில்லை. அது முதிர்வதற்கு ஒரு வீடு வேண்டும். தன் வீட்டில் நைந்த துணி முதுசம். அறியாத வீட்டில் நைந்த துணி பிச்சை. கையேந்தி அறியாத மீனவனும் குடியானவனும் தயங்கியதை நன்றியின்மை என்று சொல்லலாமா?

1993 முதல் அரசு பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சீருடைத் துணி இலவசமாகக் கிடைக்கிறது. வெள்ளைத் துணியைப் பிள்ளைகளின் கையில் கொடுக்கும்போது அவர்கள் அதை முகர்ந்து பார்ப்பதை நான் ஆண்டுதோறும் காண்கிறேன். அப்படியிருந்தும் அண்ணனின் சட்டையைத் தம்பி உடுத்து வருவது நின்றபாடில்லை. பையின் ஓரத்திலே அண்ணன் காலத்து மைக்கறை மங்கலாய்த் தெரியும். கேட்டால், வறுமையைக் காரணமாகச் சொல்வோரும் உண்டு. அண்ணனுடையது என்று பெருமையாகச் சொல்வோரும் உண்டு.

இக்காலத்து வீடுகளிலே நூற்சேலை உடுத்துவோர் அருகினர். ஆயினும் மகப்பேறு நெருங்கும்போது, தோய்த்து உலர்த்திய மெல்லிய பழந்துணிக்குத் தேட்டம் பிறக்கிறது. மகளின் அலுமாரியில் இருப்பவை எல்லாம் செயற்கை இழை. தாயின் பெட்டியையும் கிளறுவார்கள். இல்லையெனின், நான்கு வேலி தள்ளியிருக்கும் பெரியம்மா வீட்டுக்கு ஆளனுப்புவார்கள். அவர் தம் பெட்டியின் அடியிலிருந்து, கரை மங்கிய வாயில் சேலையொன்றை எடுத்து, ஒருமுறை தடவிப் பார்த்து, நேர் நடுவே கிழித்து, ஒரு பாதியைத் தாம் வைத்துக்கொண்டு மறுபாதியைக் கொடுத்தனுப்புவார்.