புலி முகமும் பன்றி முதுகும்

பொம்மிடியில் ஒரு கோடை விடுமுறையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு சாஃப்ட் பேஸ்டலில் படம் போடச் சொல்லிக்கொடுத்தேன். தலைப்பு: காட்டு விலங்கு. காலண்டரிலிருந்து கிழித்த புலி முகம் ஒன்றைச் சுவரில் ஒட்டிவிட்டு, கையேடுகளில் உள்ளபடியே ஆரம்பித்தேன். சொரசொரப்பான கறுப்புத்தாள் எடு. பென்சில் வேண்டாம், அதன் வழுவழுப்பில் பொடி ஒட்டாது. கரித்துண்டால் லேசாகக் கோடு போடு. முதலில் இருட்டு, பிறகு நடுநிறம், வெளிச்சம் கடைசியில். விரலால் தேய். மயிர் எந்தப் பக்கம் படிந்திருக்கிறதோ அந்தப் பக்கமாகக் கீறு. உதிர்ந்த பொடியை வாயால் ஊதாதே, மூச்சில் ஏறும். தாளைச் சாய்த்துத் தட்டு. கண்ணில் ஒரு வெள்ளைப்புள்ளி வைத்தால் புலிக்கு உயிர் வந்துவிடும்.

ஒரு பையன் மட்டும் புலி போடவில்லை. முறிந்து கிடக்கும் மரவள்ளித் தண்டுகள், அவற்றுக்கிடையே கறுப்பாய் ஒரு மேடு, மேட்டின் விளிம்பில் டார்ச் வெளிச்சம் பட்ட முரட்டு மயிர்.

'என்னடா இது?'

'காட்டுப்பன்னி சார்.'

'மூஞ்சி எங்க?'

'மூஞ்சிய யாரு சார் பாத்தா? வெரட்டுறப்ப முதுகுதான தெரியும்.'

காட்டு விலங்கு என்றதும் முகம்தான் என்று நமக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

பேஸ்டலின் சரித்திரத்திலேயே ஒரு பகுதி விடை இருக்கிறது. நிறப்பொடி, கொஞ்சம் சாக், கட்டுவதற்குப் பேருக்குப் பிசின். குச்சி என்பது இவ்வளவுதான். எண்ணெய் வண்ணம் போலக் காயக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதால் 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இது முகம் வரையும் சாதனமாயிற்று. வெனிஸ் நகரத்து ரோசால்பா கரியேரா 1720-21இல் பாரிசுக்குப் போய்ப் பிரபுக்களை வரைந்த பிறகு அங்கே பேஸ்டல் மோகம் பரவியது. பவுடர் பூசிய முகங்களைப் பவுடராலேயே வரைந்தார்கள் எனலாம். முகமாக இருக்கும் தகுதி உடைமை உள்ளவர்களுக்கே இருந்தது. (பிறகு புரட்சி வந்து அந்த வர்க்கத்தில் பலர் தலையையே இழந்தது வேறு கதை.) இன்றைய கையேடு அந்தப் பிரபுவின் இடத்தில் புலியை உட்கார்த்தியிருக்கிறது. பின்னணி முழு இருட்டு. காடில்லை, வயலில்லை, ஆளில்லை.

ஆளில்லாத காடு படத்தில் மட்டும் உண்டாக்கப்பட்டதல்ல. 1882இன் சென்னை வனச்சட்டம் காட்டை 'ரிசர்வ்' ஆக்கியது. அதற்குமுன் சாதாரணமாக நடந்துவந்த மேய்ச்சலும் விறகும் அனுமதிக்கும் அபராதத்துக்கும் உரியவையாயின. வேட்டைக்கு வந்த துரைமார்களுக்கோ லைசென்ஸ் இருந்தது. கென்னத் ஆண்டர்சன் 1954இல் வெளியிட்ட முதல் புத்தகத்தில் ஜவளகிரிப் புலி வருகிறது. ஜவளகிரி பழைய சேலம் ஜில்லா, இன்று கிருஷ்ணகிரி மாவட்டம். காட்டை நேசித்த மனிதர்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் கதைகளில் ஊர்க்காரன் சாவு தொடக்கம். துப்பாக்கி வெடிப்பது முடிவு. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு துப்பாக்கி இருந்த இடத்துக்குக் கேமரா வந்தது. நல்லதுதான். என்றாலும் நிற்கும் இடம் மாறவில்லை: பத்திரமான தூரத்தில், முகத்துக்கு நேராக.

பெயர் வைப்பதும் இப்படித்தான். பொம்மிடியிலிருந்து சேலம் போகிற ரயில் பாதையில், சேலத்தை நெருங்கும்போது வரும் வெள்ளைக் கரடுகளை வெள்ளைக்காரர்கள் 'சாக் ஹில்ஸ்' என்றார்கள். அது சாக்கே இல்லை, மேக்னசைட்!

இதே தகடூர் நாட்டில் இதற்கு முற்றிலும் வேறான விலங்குச் சித்திரம் ஒன்று உண்டு. புலிகுத்திப்பட்டான் கல். புலியோடு சண்டையிட்டுச் செத்தவனுக்கு எடுத்த நடுகல். அதில் புலி தனியாக இல்லை. ஓர் ஆளோடு, சாவோடு இருக்கிறது. நம்மைப் பார்ப்பதில்லை, அவனைப் பார்க்கிறது. எழுத்துள்ள கற்களில் செத்தவனுக்குப் பெயர் உண்டு, புலிக்குக் கிடையாது. செங்கம் பக்கம் எடுத்தனூரில் உள்ள ஏழாம் நூற்றாண்டுக் கல்லில், கள்ளர்களைக் கடித்த நாய்க்குக்கூடப் பெயர் இருக்கிறது: கோவிவன். இதைப் புனிதப்படுத்த வேண்டியதில்லை. நடுகல் ஆண்களின் வீரத்தைக் கொண்டாடும் கல். மாட்டுச் செல்வத்தின் அரசியல் அதற்குப் பின்னால் இருக்கிறது. ஆனாலும் செதுக்கியவன் யார் பக்கம் நின்று பார்த்தான் என்பதில் அங்கே ஒளிவுமறைவில்லை.

அந்தப் பையன் நின்ற இடமும் அப்படித்தான். ராத்திரி, அப்பாவின் மரவள்ளிக் கொல்லை, கையில் டார்ச். அவனுக்குப் பன்றி அழகுப் பொருளுமல்ல, அரக்கனுமல்ல. அந்த வருஷத்துக் கிழங்கு. விலங்கா விவசாயியா என்று நகரத்தில் நாம் நடத்துகிற விவாதத்துக்குள் அவனைப் பொருத்தவே முடியவில்லை. 'பாவம் சார், அதுக்கும் பசிக்குமில்ல' என்று அவனேதான் சொன்னான்.

அக்டோபரில் வனவிலங்கு வாரத்துக்கு ஒரு போட்டி நடந்தது. எல்லாப் படங்களையும் அனுப்பினோம். பரிசு ஒரு புலி முகத்துக்கு. பன்றி திரும்பி வந்தது, பின்பக்கத்தில் 'விலங்கு தெளிவாக இல்லை' என்ற குறிப்போடு. நடுவரைத் திட்டுவது எனக்குச் சுலபம். ஆனால் அனுப்புவதற்கு முந்தின நாள், ஒரு கண்ணாவது வைத்துக் கொடுடா, வெள்ளைப்புள்ளி வை என்று அவனிடம் கெஞ்சியவன் நான்தான். அவன் வைக்கவில்லை.