தன் கையால் எழுப்பிய வீடு



ஆளரவம் அற்ற பெருங்காடு. நடுவே ஒரு சிற்றோடை. அதன் கரையில் தனியொரு மனிதன் கோடரியால் மரங்களை வெட்டிச் சாய்க்கிறான். உருட்டுக் கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மூலைகளில் வெட்டுவாய் அமைத்து ஒன்றையொன்று கவ்வச் செய்கிறான். இடுக்குகளைப் பாசியாலும் களிமண்ணாலும் அடைக்கிறான். ஆணியின் உதவியும் இன்றி ஒரு வீடு எழுந்துவிடுகிறது. அமெரிக்க நாட்டு வரலாற்றைப் படிப்போர் இக்காட்சியைப் பலமுறை காண்பர். பதினேழாம் நூற்றாண்டில் ஸ்வீடன், பின்லாந்து நாடுகளிலிருந்து டெலாவேர் ஆற்றங்கரைக்குக் குடியேறியோர் கொண்டு சென்ற கட்டுமான முறை இது. ஆபிரகாம் லிங்கன் 1809-ஆம் ஆண்டு கென்டக்கி மாநிலத்தில் பிறந்தது இத்தகைய கட்டை வீடு ஒன்றிலேதான்.

அந்த லிங்கனே நாட்டின் தலைவரானபின், 1862-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். அரசுக்குரிய நிலத்தில் 160 ஏக்கரை ஒரு குடும்பம் எடுத்துக்கொள்ளலாம். அங்கே ஒரு வீடு கட்டி, பயிரிட்டு, ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வாழ்ந்து காட்டினால், சிறு கட்டணம் பெற்றுக்கொண்டு அந்நிலத்தை அக்குடும்பத்திற்கே அரசு உரிமையாக்கிவிடும் என்பது அச்சட்டத்தின் சாரம். அதன்படி ஏறத்தாழ 16 இலட்சம் பேர் நிலவுரிமை பெற்றனர். காட்டிலோ புல்வெளியிலோ தன் கையால் எழுப்பிய அந்தச் சிறு வீடே அவர்களுக்குச் சாட்சியாயிற்று. வீடு நின்றது, ஆகவே நிலம் அவர்களுடையதாயிற்று.

இக்கதையைப் பம்பாய்த் தமிழர் வரலாற்றுக்கு முன்னுரையாகக் கூறுவதற்குக் காரணம் உண்டு. நம்மவரும் அந்நகரின் எல்லையில், எவரும் விரும்பாத நிலத்தில், தம் கையாலேயே வீடு எழுப்பினர். ஆனால் அவ்வீடு அவர்களுக்குச் சாட்சி சொல்லவில்லை. பல காலம் அவர்களுக்கு எதிராகவே சாட்சி சொல்லிற்று. இவ்வேறுபாடு எவ்வாறு நேர்ந்தது என்பதே இன்று நாம் ஆராயும் பொருள்.

முதலில் ஒரு மயக்கத்தைப் போக்கிக்கொள்ளுதல் நலம். தனி மனிதன் ஒருவன் யாருமற்ற நிலத்தில் வீடு கட்டினான் என்று கூறும்போது, அந்நிலம் உண்மையிலேயே யாருமற்றதாய் இருந்ததா, அவன் உண்மையிலேயே தனித்தவனா என்று கேட்க வேண்டும். அமெரிக்கக் குடியேறிகளுக்கு வழங்கப்பட்ட நிலத்தில் நெடுங்காலமாகப் பழங்குடி மக்கள் வாழ்ந்து வந்தனர். அவர்களை அகற்றிய பின்னரே அது வெற்று நிலம் எனப் பெயர் பெற்றது.

தனிமையின் கதையும் இத்தகையதே. காந்தியடிகள் மதித்துப் படித்த அமெரிக்க அறிஞர் ஹென்றி டேவிட் தோரோ, 1845-ஆம் ஆண்டு வால்டன் என்னும் ஏரிக்கரையில் பத்தடி அகலமும் பதினைந்தடி நீளமும் உடைய சிறு வீடொன்றைத் தாமே கட்டிக்கொண்டார். அது உருட்டுக் கட்டை வீடன்று. மரச்சட்டமும் பலகையும் கொண்டது. அதற்கான செலவு 28 டாலரும் பன்னிரண்டரை சென்ட்டும் என்று அவரே கணக்கு எழுதி வைத்தார். தனிமை வாழ்வின் சின்னமாக உலகம் அவ்வீட்டைப் போற்றுகிறது. ஆயினும் அவர் வெட்டிய கோடரி இரவல் வாங்கியது. நிலம் நண்பர் எமர்சனுடையது. வீட்டுச் சட்டத்தைத் தூக்கி நிறுத்த நண்பர்கள் வந்து கைகொடுத்தனர். பலகைகளோ, இரயில் பாதையில் வேலை செய்த ஜேம்ஸ் காலின்ஸ் என்னும் ஐரிஷ் கூலித் தொழிலாளியின் குடிசையிலிருந்து கிடைத்தவை. அக்குடிசையை நாலே கால் டாலருக்கு விலை பேசி, காலின்ஸ் குடும்பம் விடியற்காலையில் மூட்டை முடிச்சுடன் வெளியேறிய பின், தோரோ அதைப் பிரித்து வண்டியில் ஏற்றிச் சென்றார். பலகை அதே பலகைதான். ஏரிக்கரையில் நின்றபோது அது வரலாறு ஆயிற்று. கூலிக்காரனின் தலைக்குமேல் இருந்தவரை வெறுங்குடிசை எனப்பட்டது.

அதே 1845-ஆம் ஆண்டில் பம்பாயில் மாஹிம் தாம்போதி திறக்கப்பட்டது. ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாயின் மனைவியார் ஆவாபாய் அம்மையார் அளித்த பெருங்கொடையால் கழிமுகத்தின் குறுக்கே மாஹிமையும் பாந்திராவையும் இணைத்து எழுந்த சாலை அது. அக்கழியின் உட்பக்கத்தில், சதுப்பும் அலையாத்திக் காடும் சூழ்ந்த ஓர் இடம் இருந்தது. அதன் பெயர் தாராவி. அங்கும் நிலம் யாருமற்றதன்று. மித்தி ஆறு கடலோடு கலக்கும் அக்கழியில் கோளி மீனவர் தலைமுறை தலைமுறையாக வலை வீசி வாழ்ந்தனர். பம்பாயின் ஆறு பெரிய கோளிவாடாக்களுள் தாராவியும் ஒன்று என 1909-ஆம் ஆண்டின் கெசட்டியர் குறிக்கிறது. நகரம் வளர வளரக் கழி தூர்ந்தது; மீன் குறைந்தது; கோளிகளின் தொழில் நலிந்தது. நம்மவர் வரலாற்றைப் பேசும்போது இம்மக்களை மறத்தல் முறையாகாது.

நகரம் தனக்கு ஒவ்வாதவற்றை எல்லையில் கொண்டுபோய் வைப்பது வழக்கம். தோல் பதனிடும் தொழில் நாற்றம் மிக்கது. அதனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அத்தொழில் தாராவிப் பக்கம் தள்ளப்பட்டது. 1887-ஆம் ஆண்டிலேயே அங்கே தோல் பதனிடும் தொழிலகம் வந்துவிட்டது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோலைப் பதப்படுத்தும் கலை தமிழ்நாட்டார் நன்கு அறிந்த ஒன்று. மழை பொய்த்த ஆண்டுகளும், நிலமின்மையும், சாதியின் பெயரால் ஊரில் பட்ட இழிவும் ஒருபுறம் துரத்த, மறுபுறம் இத்தொழில் அழைக்க, திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆதிதிராவிடரும் இசுலாமியரும் இரயிலேறி வந்து தாராவியில் இறங்கினர். சௌராஷ்டிரத்துக் குயவர் முதலிய பிற மக்களும் அங்கே வந்து சேர்ந்தனர்.

இனி, அவர்கள் வீடு கட்டிய விதத்தைக் காண்போம். அமெரிக்கக் குடியேறிக்குக் காலடியில் நிலமாவது உறுதியாக இருந்தது. தாராவியில் இறங்கியவனுக்கு அதுவும் இல்லை. அவன் முதலில் நிலத்தையே கட்ட வேண்டியிருந்தது. இடிந்த கட்டிடங்களின் கல்லும் செங்கல் துண்டும், மரத்தூள், கந்தல், சாம்பல், நகரத்தின் குப்பை எனக் கிடைத்ததை எல்லாம் தலைச்சுமையாகக் கொண்டுவந்து சேற்றில் கொட்டி மிதித்தனர். அதன்மேல் மூங்கிலோ சவுக்கோ நட்டு, சாக்கையும் பாயையும் சுவராகத் தொங்கவிட்டு, எண்ணெய்த் தகர டின்களைப் பிளந்து தட்டிக் கூரையாக்கினர். ஆடி மாத மழையில் கழி பொங்கித் தரை மூழ்கும். மழை விட்டதும் மீண்டும் மண் கொட்டித் தரையை ஒரு சாண் உயர்த்துவர். இவ்வாறு ஆண்டுக்கு ஆண்டு தரை உயர்ந்தது. சாக்கு தகரமாயிற்று, தகரம் செங்கல்லாயிற்று, செங்கல் சுவரின்மேல் ஒரு சிறு மாடியும் ஏறிற்று. ஊரிலிருந்து தம்பி வந்தால் அவனுக்கு ஓரிடம். தங்கை மணமாகி வந்தால் அவளுக்கு ஒரு மறைப்பு. சேறு இறுகித் தெருவாயிற்று. தெருவில் கோயிலும் பள்ளிவாசலும் சங்கமும் எழுந்தன.

கூப்பிடு தூரத்தில் உள்ள மாதுங்காவைப் பார்த்தால் மற்றொரு காட்சி தோன்றும். 1896-இல் பம்பாயைப் பிளேக் நோய் தாக்கியபின், 1898-ஆம் ஆண்டில் நகர மேம்பாட்டு டிரஸ்ட் நிறுவப்பட்டது. அது தாதர், மாதுங்கா பகுதிகளில் அகன்ற சாலைகளும் தோட்டங்களும் வகுத்து மனை பிரித்தது. கணக்கரும் எழுத்தரும் ஆசிரியருமாக வந்த தென்னிந்தியர் அங்கே குடியேறினர். 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. மாதுங்காத் தமிழர் உழைப்பாலும் கல்வியாலும் உயர்ந்தனர் என்பது மெய். ஆயின், அவர்கள் வந்து சேருமுன்னரே அவர்களுக்காகச் சாலையும் குழாயும் சாக்கடையும் போடப்பட்டிருந்தன. தாராவித் தமிழருக்கோ, அவற்றை அவர்களே போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. போட்டுக்கொண்ட பின்னும் ஆக்கிரமிப்பாளர் என்ற பெயரே கிடைத்தது. ஒரே மொழி பேசிய இருசாராரும் ஒருவரையொருவர் முழுதும் அறியாமல் நெடுங்காலம் வாழ்ந்தனர் என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

செம்பூருக்கு அப்பால், டிராம்பே பக்கத்தில், ஜனதா காலனி என்னும் குடியிருப்பு இருந்தது. நகரின் வேறிடங்களிலிருந்து அகற்றப்பட்டவர்களை மாநகராட்சியே கொண்டுவந்து விட்ட இடம் அது. அங்கும் மக்கள் மேடு தட்டி வீடு கட்டினர். கோலார் தங்கவயலில் பிறந்து, 1963-இல் பம்பாய் வந்த ஜோக்கின் அற்புதம் என்னும் தமிழ் இளைஞர் அக்குடியிருப்பில் வாழ்ந்தார். குப்பை அள்ள எவரும் வராததைக் கண்டு, சிறுவர்களைத் திரட்டி, குப்பையைப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டிச் சுமந்துபோய் மாநகராட்சி அலுவலகத்தின் முன்னே கொட்டச் செய்தார். பின்னர், அணுசக்தி நிலையத்தின் தேவைக்காக அந்நிலத்தைக் காலி செய்ய வேண்டும் என்ற ஆணை வந்தது. மக்கள் பல ஆண்டுகள் வழக்காடினர். நெருக்கடி நிலைக் காலமாகிய 1976-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜனதா காலனி தரைமட்டமாயிற்று. ஏறத்தாழ 70,000 மக்கள் சீத்தா கேம்ப் என்னும் சதுப்பு நிலத்திற்கு மாற்றப்பட்டனர். அங்கே மீண்டும் சேறு. மீண்டும் தலைச்சுமை மண். மீண்டும் முதலிலிருந்து வீடு. 1974-இல் தேசியக் குடிசைவாழ் மக்கள் கூட்டமைப்பைத் தோற்றுவித்த அற்புதம், 2000-ஆம் ஆண்டில் மகசேசே விருதும் 2011-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்று, 2018-இல் மறைந்தார்.

சட்டம் இவ்வீடுகளைக் கண் திறந்து பார்க்கத் தொடங்கியது மெதுவாகவே. 1971-இல் மகாராஷ்டிரத்தில் குடிசைப் பகுதிச் சட்டம் இயற்றப்பட்டது. 1976 ஜனவரியில் குடிசைகள் கணக்கெடுக்கப்பட்டு, குடும்பங்களுக்குப் புகைப்பட அட்டை வழங்கப்பட்டது. 1981-ஆம் ஆண்டு மழைக் காலத்தில் நடைபாதைக் குடிசைகள் இடிக்கப்பட்டு, அங்கு வாழ்ந்தோர் பேருந்தில் ஏற்றி ஊருக்கு அனுப்பப்பட்டனர். வறட்சியால் வேலை இழந்து சேலத்திலிருந்து பம்பாய் சென்ற தமிழ்க் கூலித் தொழிலாளி ஒருவரும் அவர்களுள் இருந்தார். மனைவி மக்களைச் சேலத்திலேயே விட்டுவிட்டு, வேலை தேடி அவர் மீண்டும் பம்பாய்க்கே திரும்பினார். உச்ச நீதிமன்றத்தில் வழக்காடியோருள் ஒருவராகவும் நின்றார். 1985 ஜூலையில் ஐந்து நீதிபதிகள் அமர்ந்து, வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் எனத் தீர்ப்பளித்தனர். நடைபாதையில் வீடு கட்டும் உரிமையை அவர்கள் ஏற்கவில்லை. ஆயினும், இருபது ஆண்டுகளோ அதற்கு மேலோ நிலைத்து, மேம்படுத்தப்பட்ட குடிசைப் பகுதிகளைப் பொதுத் தேவை இருந்தாலன்றி அகற்றலாகாது என்றனர். அங்கே ஐந்து ஆண்டுகளில் நிலம் சொந்தமாயிற்று. இங்கே இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, உடனே அகற்றமாட்டோம் என்ற ஆறுதல் கிடைத்தது.

1986-ஆம் ஆண்டில் தாராவி மக்களே தொண்டு அமைப்புகளுடன் சேர்ந்து தம்மைத் தாமே எண்ணிப் பார்த்தனர். சுமார் எண்பதாயிரம் கட்டிடங்களில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்வது தெரிய வந்தது. அரசு கொண்டிருந்த கணக்கைவிட இது மிகுதி. இன்று அதே சதுப்பு, நகரின் நடுவே விலை மதிக்கவொண்ணாத நிலமாகிவிட்டது. 2004-இல் அரசு அறிவித்த சீரமைப்புத் திட்டத்துக்கு, 2022-இல் ஏலத்தின் மூலம் ஒரு தனியார் நிறுவனம் தேர்ந்தெடுக்கப்பட்டது. 2000-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளுக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் வாழ்ந்ததை மெய்ப்பிக்கும் குடும்பத்துக்கு அங்கேயே இலவச வீடு என்பது அத்திட்டத்தின் முக்கிய நிபந்தனை. ஆகவே ஒரு பழைய மின்கட்டண ரசீது, ஒரு வாக்காளர் பட்டியல், ஒரு புகைப்பட அட்டை ஆகியவற்றில்தான் பாட்டனார் கொட்டிய மண்ணின் கணக்கு இன்று அடங்கிக் கிடக்கிறது.

திட்டம் நன்றா தீதா என்பதை இங்கே தீர்த்துரைக்க முற்படவில்லை. காற்றும் ஒளியும் நல்ல குடிநீரும் உள்ள வீட்டைத் தாராவித் தாய்மார் விரும்புவது நியாயமே. ஆனால் அங்கே ஒரு வீடு கொடுக்கப்படும்போது, அது பிச்சையென எவரும் எண்ணலாகாது. எவரும் விலை கேட்காத சேற்றை நிலமாக்கியவர் அம்மக்கள். காட்டில் கட்டை அடுக்கியவன் கைக்கு உரிய பெருமை, கழியில் மண் சுமந்த கைக்கும் உரியதே.

மும்பையிலும் பிற மாநிலங்களிலும் வாழும் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் குடும்பத்தில் முதலில் வந்து இறங்கியவர் இன்னும் இருந்தால், அவரருகே அமர்ந்து கேளுங்கள். முதல் வீட்டின் சுவர் எதனால் ஆனது? மழையில் தண்ணீர் எந்த மட்டம் வரை ஏறியது? தரையை எத்தனை முறை உயர்த்தினார்கள்? மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்ற அடுத்த வீட்டார் யார்? கேட்டதை நாள், ஆண்டோடு ஒரு நோட்டில் எழுதி, பழைய ரசீதுகளோடு சேர்த்து வையுங்கள். தோரோ தம் வீட்டுக் கணக்கை அரைச் சென்ட் விடாமல் எழுதி வைத்தார். உலகம் அதை மறக்கவில்லை. நம் பாட்டன்மாரின் கணக்கை எழுத வேண்டியவர்கள் நாம்தாம்.