சுருட்டிய சப்பாத்தியும் ஸாண்ட்விச் பிரபுவும்

வீட்டில் ஊருக்குப் போயிருந்தாள். மாலைக்குள் பத்திரிகைக்குக் கதை கொடுத்தாக வேண்டும். அடுப்பு மூட்ட மனம் வரவில்லை. முந்தின இரவுச் சப்பாத்தியில் துவையலைத் தடவி, வெள்ளரிப் பிஞ்சை நறுக்கிப் போட்டு, பாயைச் சுருட்டுவதுபோல் சுருட்டினேன். வலது கையில் பேனா. ஆகவே சாப்பாடு இடது கையில். (என் பாட்டி இதைப் பார்க்க உயிரோடு இல்லை.) ஜன்னல் வழியே பார்த்த அண்டை வீட்டுக்காரர், எங்களுக்குள் சண்டை என்று தெருவுக்கே சொல்லிவிட்டார்.

ஸாண்ட்விச் பிரபு ஜான் மாண்டேகுவுக்கும் இந்தக் கதிதான். சூதாட்ட மேஜையை விட்டு எழுந்திருக்க மனமில்லாமல், ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே மாட்டிறைச்சியை வைத்துத் தின்றார் என்றுதானே நாம் படித்தோம்? 1765இல் லண்டனைச் சுற்றிப் பார்த்த க்ரோஸ்லே என்ற பிரெஞ்சுக்காரர், 1770இல் வெளியிட்ட புத்தகத்தில் எழுதிவைத்த வம்பு அது. அவர்கூட 'ஒரு மந்திரி' என்றாரே தவிர, பெயரைச் சொல்லவில்லை. பலகாரத்தின் பெயரோ அதற்கு முன்பே, 1762இல், சரித்திராசிரியர் கிப்பனின் நாட்குறிப்பில் வந்துவிட்டது. பிரபுவின் வாழ்க்கையை 1993இல் எழுதிய ராட்ஜர், கடற்படை இலாகாவில் அவர் உழைத்த உழைப்பைப் பார்த்தால், அது எழுதும் மேஜையாகத்தான் இருந்திருக்கும் என்கிறார். சாட்சியம் கிடையாது, ஊகந்தான். இருந்தாலும் அன்றிலிருந்து நான் ராட்ஜர் கட்சி.

கதை ஐந்து மணிக்குப் போய்ச் சேர்ந்தது, மூன்றாம் பக்கத்தில் துவையல் கறையுடன்.